மெத்தையும் செத்தையும்

விடியற்காலையில் போடிநாயக்கனூரில் போடிமெட்டுச் சாலையோரம் நின்றால், மலையேறும் ஜீப்புகளின் வரிசையைக் காணலாம். ஒவ்வொன்றிலும் அதன் கொள்ளளவைவிட மிகுதியான பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு, சிலர் கையில் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். மலைக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், உறவினர் ஒருவரின் தோட்டத்தைப் பார்ப்பதற்காக நானும் அப்படியொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். போடியில் வெயில், மெட்டைத் தாண்டியதும் சாரல். தோட்டத்துக்குள் பத்தடி நடந்திருப்பேன். கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் மூன்று அட்டைகள்.

பிய்த்தெறியப் போன என் கையைத் தட்டிவிட்டவர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. "பிச்சு எறியாதய்யா, புண்ணாயிரும். நகத்தால வழிச்சு விடு. விட்டாலும் குடிச்சிட்டுத் தானா விழுந்துரும்" என்றார். நான் நகரத்து மனிதனுக்குரிய கேள்விகளையெல்லாம் கேட்டேன். விஷம் உண்டா? மரத்திலிருந்து குதிக்குமா? உள்ளே புகுந்துவிடுமா? சிலவற்றுக்குப் பதில் சொன்னார், சிலவற்றுக்குச் சிரித்தார். கடைசியில், "அட்டையைத் தூக்கி மெத்தையில வச்சாலும் அது செத்தையத்தான் தேடும்னு சொல்லுவாக. நாங்களும் அட்டை மாதிரித்தான்யா. கீழ ஊரே மெத்தை தைக்குது, எங்களுக்குச் சோறு செத்தைக்குள்ளதான்" என்றார்.

அவர் சொன்னது வெறும் சொல்லழகு இல்லை. போடி இரண்டு பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒன்று, மலையடிவாரத்து இலவ மரங்களிலிருந்து வரும் பஞ்சு. அது மெத்தையாகவும் தலையணையாகவும் ஊர் ஊராகப் போகிறது. மற்றொன்று, மலைமேல் விளைந்து கீழே வந்து விற்பனையாகும் ஏலக்காய். முன்னது மெத்தை, பின்னது செத்தையின் விளைச்சல். அந்தச் செத்தைக்குள் வாழும் உயிர்களைப் பற்றி நம்மிடையே உலவும் கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் அட்டை என்பது இரண்டு வேறு உயிர்களைக் குறிக்கிறது. குருதி உறிஞ்சும் அட்டை ஒன்று. மழைக்காலத்தில் சுவரோரம் ஊர்ந்து, தொட்டால் காசுபோலச் சுருண்டுகொள்ளும் மரவட்டை மற்றொன்று. சிறுவர்களுக்கு அது ரயில் பூச்சி. உயிரியலின்படி இவற்றின் உறவு மிகத் தொலைவு. முன்னது மண்புழுவின் இனத்தைச் சேர்ந்த வளைதசைப் புழு. பின்னது நண்டையும் தேளையும் போலக் கணுக்காலி. ஆனால் குருதியட்டைக்குச் செத்தை பதுங்குமிடம், மரவட்டைக்குச் செத்தையே உணவு. ஆகவே பழமொழி இரண்டுக்கும் பொருந்துகிறது. உடலமைப்பைப் பார்த்தல்லாமல் வாழும் இடத்தையும் ஊரும் விதத்தையும் பார்த்து நம் முன்னோர் இவற்றை ஒரே பெயரில் அழைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் பகுக்கும் மரபும் நம்மிடம் இருந்தது. தொல்காப்பிய மரபியல், நத்தையை ஈரறிவிலும் கறையானையும் எறும்பையும் மூவறிவிலும் வைக்கிறது. மண்புழுவுக்கு நாங்கூழ் என்றொரு பழைய பெயர் உண்டு. எறும்புகளிடையே அகப்பட்ட நாங்கூழாகத் தன்னை உருவகித்து மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் புலம்புகிறார். அந்த உவமையை எழுத, மழைக்குப் பிந்தைய தரையை ஒருவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

*

ஏலம் காட்டின் பயிர். அதன் வேர்கள் ஆழத்துக்குப் போவதில்லை. உதிர்ந்து மட்கிய இலைகளாலான மேல்மண்ணிலேயே படர்கின்றன. காயும் தரையை ஒட்டிப் படரும் சரங்களில்தான் காய்க்கிறது. நிழல், ஈரம், மட்கு மூன்றும் வேண்டும். பழைய முறையில் பெருமரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டுவார்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில் ஏலம் தானாக முளைத்தெழும். திருவிதாங்கூர் ஏலமலைகளில் அவ்வாறு பயிரிட்டவர்களிலும் காயெடுத்தவர்களிலும் பெரும்பகுதியினர், கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் மலையேறிய தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலக்காய் அரசின் முற்றுரிமைச் சரக்கு. விளைந்ததை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அது ஆலப்புழைக்குப் போய் விற்பனையானது.

அந்த ஏலமலைகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோதான் 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலை வந்தது. தேயிலைக்குக் காட்டை மொட்டையடிக்க வேண்டும். ஏலத்துக்குக் காட்டைக் கூரையாக நிறுத்திவைக்க வேண்டும். போடிமெட்டிலிருந்து மூணாறு நோக்கிப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை இன்றும் கண்ணால் காணலாம். கூரை நின்ற இடத்தில் செத்தையும் நின்றது, செத்தையோடு அட்டையும்.

மலையேறியவர்களுக்குத் தங்கள் கால்களைப் பற்றி எழுதிவைக்கும் வசதி இருக்கவில்லை. அட்டைக்கடியின் பழைய எழுத்துச் சான்றுகளுக்கு நாம் இலங்கைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் அதே குடும்பத்து அட்டை. பல இடங்களில் அதே தமிழ்க் கால்கள்.

1344 வாக்கில் பாவா ஆதம் மலைக்கு ஏறிய இபின் பதூதா, நீர்நிலைகளுக்கு அருகே மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேல் பாயும் அட்டையைப் பற்றி எழுதினார். அதன்மேல் பிழிவதற்காக மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பார்கள் என்பதையும் குறித்தார். இலங்கையிலிருந்து அவர் வந்து சேர்ந்தது மதுரைச் சுல்தானின் நாட்டுக்கு. அட்டை பாயும் என்ற அவர் கூற்றைப் பிற்கால அறிஞர் பலர் பயணியின் மிகைக்கூற்றாகவே கொண்டனர்.

1818-இல் கண்டி மலைநாட்டுக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் சுமைதூக்கும் கூலிகளும் இருந்தார்கள். அட்டைக்கடியால் அவர்கள் கடுமையாகத் துன்புற்றதையும் பலர் மாண்டதையும், அக்காலத்து மருத்துவர்களை மேற்கோள்காட்டி எமர்சன் டென்னன்ட் 1861-இல் வெளியான தம் இலங்கை இயற்கை வரலாற்று நூலில் பதிவுசெய்தார். காப்பித் தோட்டத்துத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அட்டை புகாத காலுறை அணிந்ததையும் அவரே சொல்கிறார். துரைக்குக் காலுறை, கூலிக்கு எண்ணெயும் புகையிலைச் சாம்பலும். ஒரு புழுவின் பற்களுக்கு முன்னே கூட மனிதர்கள் சமமாக நிற்கவில்லை.

இந்தக் கால்கள் இலக்கியத்துக்குள் வர மேலும் நூறாண்டுக்கு மேலாயிற்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என வந்தது. அதை வாசித்தவர்களுக்கு மழையும் அட்டையும் காய்ச்சலும் நினைவிலிருக்கும்.

*

இனி அந்த அம்மாவிடம் நான் கேட்ட கேள்விகள்.

அட்டைக்கு விஷம் உண்டா? இல்லை. அதன் வாயில் மூன்று தாடைகள். அவை தோலில் சிறிய முக்கோணக் கீறல் போடுகின்றன. அதன் எச்சிலில் குருதியை உறையவிடாத பொருள் இருப்பதை 1884-இல் ஜான் பெரி ஹேக்ராஃப்ட் கண்டறிந்தார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயரிட்டனர். அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நெடுநேரம் கசிவது இதனால்தான். கடியைச் சொறிவதாலும் அசுத்தம் சேர்வதாலும் புண் சீழ்பிடிப்பதே உண்மையான கேடு. 1818-இன் மரணங்களுக்கும் விஷத்தைவிட ஆறாத புண்களே காரணமாக இருந்திருக்கும்.

உப்பு போடலாமா? உப்பு, புகையிலை, சுண்ணாம்பு, மூக்குப்பொடி எதைத் தொட்டு வைத்தாலும் அட்டை பிடியை விடும். ஆனால் விடும்போது வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கிவிடக்கூடும். ஆகையால் நகத்தால் வழித்து எடுப்பதே நல்லது என்கிறது இன்றைய மருத்துவம். அந்த அம்மா எந்த நூலையும் பார்த்து இதைச் சொல்லவில்லை.

மரத்திலிருந்து குதிக்குமா? நம் மலைகளில் பெரும்பாலும் தரையிலிருந்தும் தாழ்ந்த இலைகளிலிருந்துமே ஏறுகின்றன. நடையின் அதிர்வும் மூச்சுக்காற்றும் உடற்சூடும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. ஆயினும் மடகாஸ்கர் காட்டு அட்டையொன்று இலையின்மேல் உடலை வளைத்துப் பின்வாங்கித் தாவுவதைப் படமெடுத்து, 2024-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இபின் பதூதாவுக்கு 680 ஆண்டுகள் கழித்து ஒரு சாட்சி கிடைத்தது.

அட்டைக்கும் நெருப்புக்கும் திருப்தியில்லை என்றொரு பழமொழியும் உண்டு. இது மட்டும் தவறு. தன் எடையைப்போலப் பல மடங்கு குடித்ததும் அட்டை தானாக உதிர்ந்துவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் உணவு தேடாமல் இருக்க வல்லது. போதும் என்று அறிந்த உயிர்களில் அதுவும் ஒன்று.

மெத்தையில் வைக்கப்பட்ட வரலாறும் அட்டைக்கு உண்டு. சுசுருத சங்கிதை பன்னிரண்டு வகை அட்டைகளைச் சொல்லி, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு மருத்துவத்துக்கு ஏற்றவை என்று பகுக்கிறது. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளுள் அட்டை விடல் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது வெறியாகவே மாறியது. 1833-ஆம் ஆண்டில் பிரான்சு மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. பின்னர் கேலிக்குள்ளாகி மறைந்த அம்முறை, துண்டான விரல்களை ஒட்டவைக்கும் நுண் அறுவை மருத்துவத்தில் திரும்பி வந்தது. 2004-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நீரட்டையை மருத்துவச் சாதனமாக விற்க இசைவளித்தது.

2012-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. வியட்நாம் காடுகளில் பிடித்த நில அட்டைகளின் வயிற்றுக் குருதியிலிருந்து மரபணுவைப் பிரித்து, கண்ணுக்கு அகப்படாத அரிய பாலூட்டிகள் அங்கே வாழ்வதை அறிந்தனர். காட்டின் வருகைப் பதிவேடு அட்டையின் வயிற்றில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால், ஏலமலை அட்டைகளின் வயிற்றில் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டிருந்தது யாருடைய பெயர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

*

மரவட்டைக்கு வருவோம். அதற்கு ஆயிரம் கால்களா? மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்களே உள்ளன. அதுபோல மரவட்டையின் ஆயிரமும் நெடுங்காலம் மரியாதைக்குச் சொல்லப்பட்ட எண்ணாகவே இருந்தது. நம் வீட்டோர மரவட்டைகளுக்குச் சில நூறு கால்கள்தாம். 2021-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், நிலத்துக்கடியில் அறுபது மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஓரினத்துக்கு 1,306 கால்கள் எண்ணப்பட்ட பிறகே பெயர் உண்மையாயிற்று.

கடிக்குமா? கடிக்காது. கடிப்பது பூரான். உடலின் வளையம் ஒன்றுக்கு ஒரு சோடிக் கால் இருந்தால் பூரான்; இரண்டு சோடி இருந்தால் மரவட்டை. பூரான் வேட்டையாடி, நஞ்சுக்கொடுக்கு உடையது. மரவட்டை ஓட முடியாதது. ஆகவே சுருண்டுகொள்கிறது, உடலின் பக்கத்துளைகளிலிருந்து காரமான நீரைக் கசியவிடுகிறது. அது தோலில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். தொட்டால் கை கழுவினால் போதும். காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னும் என்ற கதையைச் சிறுவயதில் நம்பி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியவன் நான். எப்போதாவது ஏதேனும் பூச்சி வழிதவறிக் காதில் நுழையலாம். மூளைக்கு அங்கிருந்து பாதை இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உருண்டால் நெல்லிக்காய் போலாகிவிடும் பெரிய மரவட்டைகள் உண்டு. இவற்றின் நெருங்கிய உறவினர் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் வாழ்கிறார்கள். நிலங்கள் ஒன்றாக இருந்த காலத்தின் நினைவு இந்த உருண்டைக்குள் இருக்கிறது. இவை உதிர்ந்த இலையைத் தின்று சிறு உருண்டைகளாகக் கழிக்கின்றன. பூஞ்சையும் நுண்ணுயிரும் அதன்மேல் வேலை செய்து மட்காக்குகின்றன. ஏலத்தின் வேர் உண்ணும் சோற்றை முதலில் அரைத்துக் கொடுப்பவர்களில் மரவட்டையும் ஒன்று.

*

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகுமா? பள்ளி நாள்களில் நாங்கள் பிளேடால் சோதித்த கேள்வி இது. இரண்டும் துடித்ததால் ஆம் என்று முடிவுகட்டினோம். பெரும்பாலான இனங்களில் தலைப்பகுதி போதிய நீளம் இருந்தால் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும். வால்பகுதி சிறிது நேரம் துடித்து இறந்துபோகும். நாங்கள் பார்த்தது இரண்டு உயிரை அல்ல. ஓர் உயிரின் வேதனையை.

மண்புழுவைப் பற்றி உலகம் மாற்றிச் சிந்திக்கத் தொடங்கியது 1881-இல், டார்வின் தம் கடைசி நூலை வெளியிட்டபோது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் மனத்தில் கிடந்த பொருள் அது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருவதாகக் கணக்கிட்டார். புழுவுக்குச் செவியுண்டா என்று அறிய மகனைக் குழலூதச் சொன்னார், அது அசையவில்லை. புழுத் தொட்டியைப் பியானோமேல் வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் வளைக்குள் ஓடியது. ஒலி கேட்காது, அதிர்வு புரியும் என்று முடிவு செய்தார். எத்தனை அறிவு என்று தொல்காப்பியர் கேட்ட அதே கேள்வியை அவர் தம் வீட்டுக்கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நூலில் தமிழ் வாசகர் பெருமைப்படத் தக்க ஒரு படம் உண்டு. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் ஜார்ஜ் கிங், நீலகிரியில் ஏழாயிரம் அடி உயரத்தில் பொறுக்கிய நாங்கூழ்க் கட்டிகளை டார்வினுக்கு அனுப்பினார். அவற்றுள் பெரியது நூறு கிராமுக்கு மேல் நிறுத்தது. அதன் உருவம் இயல்பான அளவிலேயே அந்நூலில் செதுக்குப் படமாக அச்சிடப்பட்டது. மேலும், 1900-இல் மிக்கேல்சன் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு மண்புழுப் பேரினத்துக்கு இட்ட பெயர் 'ட்ராவிடா'. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அப்பேரினத்தின் முக்கிய வாழிடங்களில் ஒன்று. திராவிடத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம். அப்பெயரைத் தாங்கி மண்ணுக்கடியில் உழும் உயிரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

*

கடந்த சில பத்தாண்டுகளில் ஏலமலையின் செத்தை மாறிவிட்டது. ஞள்ளானி போன்ற மிகுவிளைச்சல் வகைகள் பரவின. நிழலைக் கழித்து வெளிச்சத்தைக் கூட்டி, உரத்தையும் மருந்தையும் அடிக்கடி இட்டு வளர்க்கும் முறையும் உடன் வந்தது. விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் போடியில் மாடிவீடுகள் எழுந்தன. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இலைப்பேனையும் தண்டு துளைப்பானையும் வேர்ப்புழுவையும் கொல்ல இடும் மருந்துக்கு, எது பகை எது உழவன் என்ற பாகுபாடு தெரியாது. 2011-இல் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானைத் தடைசெய்தது. வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. 2023 ஜனவரியில், பயன்படுத்திய ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருப்பதாகச் சொல்லிச் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. அவ்வழக்கின் ஆணைகளை உச்சநீதிமன்றம் 2024-இல் நீக்கிவிட்டது. வழக்கு முடிந்தது, வழக்குக்குக் காரணமான வேளாண்மை முறை அப்படியே இருக்கிறது.

அண்மையில் மீண்டும் ஒரு மழைநாளில் மலையேறினேன். அந்த அம்மா இப்போது வேலைக்கு வருவதில்லை. அவருடைய மருமகள் வருகிறார். அட்டை எப்படி என்று கேட்டேன். "இப்ப அம்புட்டு இல்லண்ணே. மருந்தடிச்ச தோட்டத்துல அது எங்க நிக்கும்?" என்றார். நல்லதுதானே என்றேன். அவர் காய்ச்சரத்தை விலக்கிக்கொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். விரலிடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "அத்தை காலத்துல கால்ல ரத்தம் போச்சு. சாயங்காலம் கழுவிட்டா நின்னுரும். இது கழுவுனா போகலையே" என்றார்.

அதன்பின் அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அருகிலிருந்த செடியின் அடியில் சருகை விலக்கிப் பார்த்தேன். சிறிது நேரம் தேடிய பிறகு ஒரே ஒரு மரவட்டை கண்ணில் பட்டது. தொட்டதும் சுருண்டுகொண்டது. சருகை மீண்டும் அதன்மேல் மூடிவிட்டு எழுந்தேன்.